அம்மாவின் காலுக்கு ஒரு சிலுவை

என் தங்கமான அம்மாவுக்கு,

நீ இருந்தால், "மொதல்ல சோத்தத் தின்னு, அப்பறம் கத்து" என்பாய். தின்றுவிட்டேன். இனி கத்தப் போகிறேன். பக்கத்தில் நின்று யாராவது கேட்டால் கேட்கட்டும். கேட்க வேண்டும் என்றுதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

உன் கால் மேல் ரோடு போடப் பார்க்கிறார்கள் அம்மா.

உனக்குக் கதை தெரியும். கேட்டுக்கொண்டு நிற்பவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி பொறுக்கப் போன அன்று, ஈட்டி மாதிரி சீவி நின்ற ஒரு தேயிலைத் தண்டு உன் வலது பாதத்தில் ஏறியது. உனக்குச் சீனி வருத்தம், புண் லேசில் ஆறாது. டிஸ்பென்சரியில் ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார்கள். மறுநாள் காலையிலும் நொண்டிக்கொண்டே வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்றாய். ஆளைப் பார்த்து வேலை பிரித்த கணக்கப்பிள்ளை, "நடந்து வந்துட்டல்ல, அப்ப வேலையும் செய்யலாம்" என்றார். பதுளை ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது முழங்காலுக்குக் கீழே கறுத்துவிட்டிருந்தது. வெட்டினார்கள்.

வெட்டிய காலை அப்பா கேட்டு வாங்கினார். சுற்றிக் கொடுத்த பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்தார். பக்கத்துச் சீட்டுப் பெண், "என்னண்ணே, எறச்சியா? எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டதையும், அப்பா பதில் சொல்லத் தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்ததையும் நீதான் பிறகு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

அன்றைக்கு நம் கோயிலில் இருந்த உபதேசியார் ஜெபம் பண்ண மாட்டேன் என்றுவிட்டார். "காலுக்கெல்லாம் ஜெபம் கெடையாது பிலிப்பு. ஆளு உசுரோட இருக்கையில சிலுவை நடுறதா? ஒரு ஆளுக்கு ரெண்டு சிலுவையா? சிரிப்பாங்க." கல்லறைக்காட்டின் கீழ்ப் பக்கம், அந்தப் பெரிய சவுக்கு மரத்தடியில் அப்பா தானே குழி வெட்டிப் புதைத்தார். சிலுவை வைக்கவில்லை. அந்த ஒன்றுதான் இன்றைக்கு வினையாக வந்து நிற்கிறது.

ஒவ்வொரு ஈஸ்டரும் விடிவதற்கு முன்னால் மெழுகுவர்த்தியோடு எல்லாரும் கல்லறைக்காட்டுக்குப் போவோமே, நீ மட்டும் பொய்க்காலைப் போட்டுக்கொண்டு நேரே சவுக்கு மரத்துக்குப் போவாய். சேற்றில் வழுக்காமல் இருக்க அந்தப் பாதத்துக்கு அடியில் நான் லொறி டயரை வெட்டி ஒட்டியிருந்தேன். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, மண்ணைப் பார்த்துப் பேசுவாய். "எந்திரிக்கிற அன்னைக்கு வழி மாறிப் போயிடாத. நான் மேலருந்து வருவேன், இங்கயே நில்லு." சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். ஆனால் நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

மழை பெய்தால் இல்லாத விரல்களைத் தேய்க்கப் போவாய். "கீழ இருக்கிறதுக்குக் குளிருதுடா." நான் பதுளையில் மெஷின் வேலை படித்துவிட்டு வந்த புதிது. நரம்பு வயர் மாதிரி, வயரை வெட்டினாலும் மூளையில் இருக்கிற போர்டில் அந்த லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்று விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஒன் கரண்டு பாடம் இருக்கட்டும், இப்பக் குளிருதே, அதுக்கு என்ன செய்யிற?" என்றாய்.

போன மழையில் நீ போனாய். உன்னைக் காலுக்குப் பக்கத்திலேயே வைக்க அப்பா ஆசைப்பட்டார். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. அதனால் மேல் வரிசையில் வைத்தோம். பொய்க்காலோடு வைப்பதா, இல்லாமலா என்று பெண்கள் பேச்செடுத்தார்கள். உன்னோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த செல்லம்மா பெரியம்மா, "நொண்டியாவா அனுப்புறது?" என்று அழுதார். நான்தான், "கழட்டுங்க பெரியம்மா. அம்மா எந்திரிக்கிறப்ப சொந்தக் கால்ல எந்திரிப்பாங்க" என்றேன். பொய்க்காலைக் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் உள்ளே இருக்கிற குழாய் வேறு யாருக்காவது ஆகுமாம்.

நான் பெரிய ஜெபக்காரன் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை நம்புகிறேன் என்று வாரா வாரம் கோயிலில் எழுந்து நின்று சொன்னால், அதை நம்ப வேண்டும். சரீரம் உயிர்த்தெழும் என்று சொல்கிறோம். ஆத்துமா பறந்து போகும் என்றா சொல்கிறோம்?

இப்போது நடந்ததைக் கேள். தோட்டத்துத் தொரை பங்களாவை வெள்ளைக்காரப் பயணிகள் தங்குகிற ஹோட்டலாக மாற்றுகிறார்கள். பழைய பாதையில் வேன் திரும்பாதாம். அதனால் கல்லறைக்காட்டின் கீழ்ப் பக்கத்தை வெட்டி ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள். சிவப்புப் பெயிண்ட் அடித்த முளைகளை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்று சரியாகச் சவுக்கு மரத்தடியில்.

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் கூட்டம். போதகர் தோட்டத்துக்காரர்களோடு எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வந்தார். சிலுவை இருக்கிற ஒரு குழியையும் தொடமாட்டார்களாம், வெற்று நிலத்தை மட்டும் எடுப்பார்களாம், பதிலுக்குக் கோயிலுக்குப் புதுத் தகரம் போட்டுத் தருவார்களாம். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"அது வெத்து நெலம் இல்லீங்க ஐயா. எங்கம்மாட கால் இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், நல்ல மனிதர். உனக்கு வருத்தம் கூடியபோது மழையில் நனைந்துகொண்டு வந்து ஜெபித்தவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"தம்பி, ஒரு காலுக்காக ரோட்டையே மறிக்கச் சொல்றீங்களா?"

"முழு ஆள் இருந்தா மறிப்பீங்களா?"

"அப்படி இல்ல தம்பி. சரீரம்னா என்ன? ஒரு சட்டை. பழசாப் போனா கழட்டிப் போட்டுர்றோம். அம்மாட ஆத்துமா ஆண்டவர்கிட்ட பத்தரமா இருக்கு. மண்ணுல கெடக்குறதப் பத்தி நாம ஏன் கவலப்படணும்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது அம்மா.

"அப்ப வர்ற ஈஸ்டர் ஞாயித்துக்கெழம எதுக்கு ஐயா? ஆத்துமா போதும்னா சிலுவையில செத்த வெள்ளிக்கெழமயோட முடிச்சிருக்கலாமே. கல்லறைய ஏன் தொறக்கணும்? சட்டைய உள்ளயே விட்டுட்டுப் போயிருக்கலாமே. கையில ஆணி ஓட்டையோட வந்து நின்னது யாரு? திங்க என்ன இருக்குன்னு கேட்டு மீன் வாங்கித் தின்னது யாரு? சட்டை மீன் திங்குமா ஐயா?"

செல்லம்மா பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சபைத் தலைவர் மேசையைத் தட்டினார். "மோட்டர் கழட்டுறவன்லாம் பிரசங்கம் பண்ண வந்துட்டான். ஒக்காருடா."

உட்காரவில்லை. அப்போது எனக்குப் பக்கத்தில் ஒரு கை ஊன்றி எழுந்தது. அப்பா. சபைக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்து நீ பார்த்திருக்கிறாயா?

"நான்தாங்க தூக்கிட்டு வந்தேன்" என்றார். "பாரமா இருந்துச்சு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான் என்றார்கள். முளை அடித்த இடத்தில் கூட்டம் கூடினால் தோட்டத்துக்குப் பிடிக்காது, அதனால் இந்த ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை கல்லறைக்காட்டில் இல்லை, கோயிலுக்குள்தான் என்றும் சொன்னார்கள்.

அப்பா சொன்ன அந்தப் பாரம்தான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ உயிரோடு இருந்தவரைக்கும் இந்தத் தோட்டத்துக்கு உன் உடம்பு மட்டும்தான் வேண்டியிருந்தது. கூடை சுமக்க முதுகு, கொழுந்து கிள்ள விரல், மலை ஏறக் கால். பெரட்டில் நின்று யாரும் உன் ஆத்துமாவைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. காலில் சீழ் வைத்துக்கொண்டு நின்றபோது, "ஒன் ஆத்துமா நல்லாருக்கு, வீட்டுக்குப் போ" என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் சொல்லவில்லை. செத்த பிறகு மட்டும் உடம்பு ஒன்றுமில்லையாம், எல்லாம் ஆத்துமாவாம். உடம்பு ஒன்றுமில்லை என்றால் யாருக்கு லாபம்? அதன் மேல் ரோடு போடுகிறவனுக்குத்தான்.

மண்ணாகிப் போனது எப்படித் திரும்பி எழும் என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. கழற்றிப் போட்ட மோட்டரில் ஒரு நட்டு காணாமல் போனாலே நான் கத்துகிறவன். ஆனால் மோட்டருக்குச் சொந்தக்காரன் எதையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை என்றால், எனக்கென்ன அதிகாரம்? ஆண்டவர் எழுந்தபோது காயத்தோடு எழுந்தார். உன் பாதத்தில் அந்தத் தண்டு ஏறிய வடுவும் இருக்குமா அம்மா? இருக்க வேண்டும். அதைக் காட்டிக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

ஈஸ்டர் விடியலுக்கு முன்னால் நானும் அப்பாவும் போனோம். நான் வேர்க்‌ஷாப்பில் ஆங்கிள் இரும்பை வெட்டி ஒட்ட வைத்துச் செய்த சிலுவையைத் தோளில் போட்டுக்கொண்டேன். அப்பா சீமெந்தும் குழி தோண்ட அலவாங்கும் எடுத்துக்கொண்டார். முளையைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தேன். திருடவில்லை, அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். குழி வெட்டியதும் அப்பாதான். "இங்க இல்ல, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார். அத்தனை வருஷமாகியும் கை தானாக அந்த இடத்துக்குப் போனது.

சீமெந்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோது கீழே பாதையில் வெளிச்சம் தெரிந்தது. தோட்டத்து ஆள்தான் வருகிறான், நல்லா வரட்டும் என்று மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்லம்மா பெரியம்மா. அவருக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள், எல்லாரிடமும் மெழுகுவர்த்தி.

"கோயிலுக்குப் போகலயா பெரியம்மா?"

"போறேன்டா. மொதல்ல இங்க ஒரு வேல இருக்கு."

உன் காலுக்கு ஏற்றத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். வேலி ஓரத்தில், ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தில் குனிந்து கையால் புல்லை ஒதுக்கி மெழுகுவர்த்தியை ஊன்றினார்.

"என் மூத்தது" என்றார், திரும்பிப் பார்க்காமல். "பொறந்து அழவே இல்ல. பேரு வைக்கல, ஞானஸ்நானம் குடுக்கல. அதனால சிலுவையும் இல்ல."

மற்றவர்களும் அப்படியே பிரிந்து போனார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை, தேடவில்லை. ஒவ்வொருத்திக்கும் இடம் தெரிந்திருந்தது. முளை அடித்த அந்த வெற்று நிலம் முழுக்க அங்கங்கே வெளிச்சம் அம்மா. அதில் ஒன்றையும் நான் அதுவரை அறிந்ததில்லை. நீ அறிந்திருந்தாயா? அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் அங்கே போய் அவ்வளவு சத்தமாகப் பேசினாயா?

ஆராதனை பாதியிலேயே ஆள் இல்லாமல் போயிருக்க வேண்டும். நன்றாக விடிந்த பிறகு போதகர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஏறி வந்தார். திட்ட வருகிறார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். மெழுகுவர்த்திகளைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு சிலுவைக்கு வந்து, நான் இரும்பில் வெட்டியிருந்த எழுத்துகளை வாசித்தார். மேலே உன் கல்லறையில் உன் முழுப் பேர் இருக்கிறது. இங்கே "இதுவும் எஸ்தர்தான்" என்று மட்டும் வெட்டியிருந்தேன்.

"இதுக்கு என்ன ஜெபம் பண்றதுன்னு எனக்குத் தெரியல தம்பி" என்றார்.

அப்பாதான் சொன்னார். "மேல அவளுக்குப் பண்ணீங்களே, அதையே பண்ணுங்க."

பண்ணினார். முதலில் உன் காலுக்கு. பிறகு செல்லம்மா பெரியம்மாவின் மெழுகுவர்த்திக்குப் போய், குனிந்து, "பேரு என்ன வைக்கலாம்னு இருந்தீங்கம்மா?" என்று கேட்டார். அதற்குமேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சீமெந்தைப் பூசி முடிக்க வேண்டியிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. போதகர் தொரையிடம் பேசுகிறேன் என்றிருக்கிறார். சபைத் தலைவர் என்னோடு பேசுவதில்லை. சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்ததும் மண் வெட்டுகிற பெக்கோ வருமாம். வரட்டும். என் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை, ஆறவும் விடமாட்டேன்.

நீ காலுக்குச் சொன்னதை இப்போது நான் உனக்குச் சொல்கிறேன். எழுந்திருக்கிற அன்றைக்கு நேரே கீழே இறங்கி வா. சவுக்கு மரத்தை வெட்டியிருந்தாலும் குழம்பாதே, இரும்புச் சிலுவை நிற்கும். பிடுங்கினால் மறுபடியும் நடுவேன், எத்தனை தடவை பிடுங்கினாலும் நடுவேன். பெக்கோ வருகிற அன்றைக்கு அப்பாவும் நானும் அந்த மண்ணின் மேல் உட்கார்ந்திருப்போம். பெரியம்மா சோறு கட்டிக்கொண்டு வருகிறாராம். சாப்பிட்டுவிட்டுத்தான் கத்துவேன்.

உன் ஒரே மகன்,
மேலே இருக்கிற உனக்கும் கீழே இருக்கிற உனக்கும் பிள்ளையான
தானியேல்