தோட்டத்துல வெச்சோம்

இன்று கல்லறைத் திருநாள். நம் தீவின் டவுனில், குட்வில் எஸ்டேட் ஸ்டாப்பில் பஸ் ஏறியபோது பக்கத்து இருக்கைப் பெண்ணின் பையிலிருந்து மெழுகுவத்தியும் சாமந்தியும் கலந்த மணம் வந்தது. நீ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் தலை நரைத்தவர்கள் நாம். ஓய்வுக்குப் பிறகுதான் உனக்கு அப்பாவின் கல்லறையைத் தேடும் வேகம் வந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது இறந்துபோனவர். "தோட்டத்துல வெச்சோம்" என்பதற்கு மேல் உன் அம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை.

மாதா கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு சிலுவையாகக் குனிந்து படித்தோம். குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். உன் அப்பா இல்லை. பிறகு பொது இடுகாடு. அங்கே படிக்கவே எதுவும் இல்லை. புல் மூடிய மேடுகள். பழைய குழியிலேயே பிறகு வந்த வேறு யாரோ.

"உங்க ஆளுங்க எரிச்சிட்டு நிம்மதியா போயிடுறாங்க. தேடுற வேலையே இல்ல" என்று என்னிடம் சிடுசிடுத்த நீ, சட்டென்று நின்றாய்.

"ஏய், அம்மா கல்லறைன்னு ஒரு நாளும் சொல்லலடி. தோட்டம்னுதான் சொன்னாங்க. அப்பா மீன் விக்கப் போனது சிப்பிகாட்டுக்கு, அங்கெல்லாம் தென்னந்தோட்டந்தான்."

சிப்பிகாட்டில் வயதான ஒரு பெங்காலி அம்மாளுக்குத் தன் மாமனார் சொன்னது நினைவிருந்தது. மழைவெள்ளத்தில் ரோடு முங்கிய நாளில் மீன்காரர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். டவுனுக்குக் கொண்டுபோக வழியில்லை. மாமனார் தம் தென்னந்தோட்டத்து ஓரத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்.

"உதர் தா, பஹன்", அங்கேதான் இருந்தது என்று அந்த அம்மாள் கைகாட்டிய இடத்தில் தோட்டம் இல்லை. சுனாமியில் ஏறிய கடல்நீர் வடியாமல் நின்றது. நடுவே சில மொட்டை மரங்கள்.

நீ செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் நீரில் இறங்கினாய். "அப்பா, நான்தான்" என்றாய். பிறகு என்னையும் கைபிடித்து இறக்கி, "இவ என் பிரெண்டு" என்றாய்.

சிகிச்சைக்கு மெயின்லேண்ட் போன நீ திரும்பவில்லை. இடநெருக்கடியில் அடுக்குக் கல்லறை மாடம் ஒன்றில் உன்னை வைத்ததாக உன் மகள் போனில் அழுதாள். "அக்கம்பக்கத்துல யாரு இருக்காங்கன்னே தெரியல ஆன்ட்டி." கப்பலேற என் உடம்பு இனி இடம் கொடுக்காது.

இன்று தனியாக அந்த நீரோரம் போய் நின்றேன். உன் அப்பாவிடம் யாராவது சொல்லியாக வேண்டுமே.

"ஐயா, உங்க மக வரமாட்டா. மெட்ராஸ்ல இருக்கா."



அங்கே எல்லாருக்கும் அவர் மீன்காரர்தான். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவள் இந்தத் தீவில் இனி நான் ஒருத்திதான்.