பொத்தான் அலமாரிக்குப் பின்னால்

என் கண்ணான வாப்பாவுக்கு ஸலாம்.

நீங்கள் இருந்திருந்தால் "கடை என்னம்மா ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்டிருப்பீர்கள். பேரப்பிள்ளைகளைக்கூட அப்புறம்தான் விசாரிப்பீர்கள். அதனால் நானும் கடையிலிருந்தே தொடங்குகிறேன். பர்துபாயில் நம் தையல் சாமான் கடை தொடர்ந்து இருக்குமா, இல்லை அந்த வாசலை அடைத்துச் சுவர் எழுப்பிவிடுவார்களா என்று தெரியாமல் போன வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். நம் கடை இருக்கிற பழைய அரபி வீட்டைச் சீர் செய்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துவிடப் போகிறார்கள். பவளக்கல் சுவர், நடுவில் முற்றம், மேலே காற்றுக்கோபுரம் எல்லாம் பழையபடி நிற்குமாம். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் வீடு கட்டிய நாளில் எது இருந்ததோ அது மட்டும்தான் இருக்கும், பின்னால் ஒட்டவைத்ததெல்லாம் போய்விடும் என்பது நிபந்தனை.

கடை இதில் எந்தப் பக்கம்? "இந்த வூடு பொறக்கும்போதே கடையோட பொறந்தது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடிப்பீர்களே வாப்பா, அதற்கு ஆதாரம் கேட்டால் நான் எங்கே போவேன்?

கேட்க வந்த எஞ்சினியர் நம் தமிழ் ஆள்தான். ரகுராமன் என்று பெயர், சென்னைக்காரர், குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறார். தமிழ் என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. முன்சுவர்ப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கியபோது அதுவும் போய்விட்டது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க முழுக்க சிமென்ட். ஷட்டர் போட்டப்போ பழைய கல்லையெல்லாம் பேத்துட்டாங்க. கடை ஆரம்பத்துலயே இருந்துச்சுன்னு சொல்ல ஒண்ணுமே மிச்சம் இல்ல."

"அப்ப என்ன எழுதுவீங்க?"

"பின்னாடி சேர்த்த கடைன்னுதான் எழுதணும். வியாழக்கிழமை கடைசியா ஒரு தடவை வந்து பார்க்கறேன்."

ஷட்டர் போட்டது நீங்கள்தானே? சும்மா இருந்த சுவரை இடித்து, சிமென்ட் பூசி, பளபளவென்று இருக்கிறது என்று ஊருக்குப் போட்டோ வேறு அனுப்பினீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இறந்தவர் மேல் கோபப்பட்டால் அதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

போகிற போக்கில் ரகுராமன் பொத்தான் அலமாரியைக் காட்டி, "இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டார். "வெறும் சுவர்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. உங்களோடு இந்தக் கடையில் நின்றே தலை நரைத்துப்போன அமீர் காக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவரும் வாய் திறக்கவில்லை.

பின்னால் கதவு இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நீங்கள் கடையை வாடகைக்கு எடுத்தபோது வீட்டுக்காரக் குடும்பம் உள்ளேயே குடியிருந்தது. கதவு முற்றத்தில் போய்த் திறக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே அலமாரி செய்யச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா? நம் காயல்பட்டினத்தில் பெண்கள் நடக்கவென்று வீடுகளுக்கு நடுவே முடுக்கு உண்டு. ஆண்பிள்ளை அந்தப் பக்கம் தலை காட்ட மாட்டான். முற்றத்துக் கதவு என்றால் அது பெண்கள் வாசல்தான் என்று நீங்கள் யாரையும் கேட்காமலே முடிவுகட்டினீர்கள். கடைக்கு வருகிற எவன் கண்ணும் உள்ளே படக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் குடும்பம் பெரிய வில்லா கட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டது. அலமாரி மட்டும் அசையவில்லை. உங்கள் சொல்லுக்கு அத்தனை மரியாதை.

புதன்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அமீர் காக்காவிடம் சொன்னேன், "காக்கா, அந்தக் கதவ எஞ்சினியர்ட்ட காட்டிரலாமா? அங்கயாவது பழைய கல்லு மிச்சம் இருக்கும்ல?"

அவர் கையிலிருந்த லேஸ் சுருளை வைத்துவிட்டார். "அது பொம்பளைங்க வாசல்மா. வாப்பா தொடக்கூடாதுன்னு சொன்னாஹ. வீட்டுக்காரன் வருத்தப்பட்டு வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா, இருக்கிறதும் போயிரும்."

"காட்டாட்டாலும் போகத்தானே போவுது?"

அவர் லேஸ் சுருளைத் திரும்ப எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அவருடைய விசா நம் கடை லைசென்ஸில் ஓடுகிறது. ஊரில் மகளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருக்கிறார். கடை கலாஸ் என்றால் அவர் கதை என்ன ஆகும் என்பதை நான் அவருக்குச் சொல்லவா வேண்டும்? எனக்காவது ஆபீஸுக்குப் போகும் உங்கள் மருமகன் இருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் கேட்காமல் தொடுவது முறையில்லை என்று, வியாழன் காலையில் அபூ காலிதுக்குப் போன் போட்டேன். நீங்கள் மரியாதையாக அர்பாப் என்று கூப்பிட்ட பெரியவர் உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், இவர் அவருடைய மகன். நம்மவர்களிடம் பேசுகிற அந்த அரபி கலந்த ஹிந்தியில் எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அலமாரி, கதவு என்று நான் ஆரம்பித்ததும் குரல் நின்றுபோனது. "வரேன்" என்று ஒரே வார்த்தை. போன் கட்டாகிவிட்டது.

அமீர் காக்கா "நான் சொன்னேன்ல" என்று வாயால் சொல்லவில்லை, முகத்தாலேயே சொன்னார். ரகுராமன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்துவிட்டார். எதை எழுதுகிறாரோ என்று எட்டிப் பார்க்கவும் தைரியம் இல்லை. கஸ்டமர் ஒருத்தி கறுப்பு நூல் கேட்க, நான் வெள்ளையை எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அலமாரிக்குப் பின்னாலிருந்து யாரோ தட்டினார்கள்.

அமீர் காக்கா "யா அல்லாஹ்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். மறுபடியும் தட்டும் சத்தம், கூடவே அபூ காலித் குரல்: "யல்லா, திறங்க!"

தெரு வழியாக வராமல் வீட்டுச் சாவியால் தலைவாசலைத் திறந்து, முற்றத்தைக் கடந்து அந்தப் பக்கமாக வந்து நிற்கிறார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் அடுக்கினோம். அவசரத்தில் ஒன்று கவிழ்ந்து சட்டைப் பொத்தானெல்லாம் சிதறியது. ரகுராமனும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். அலமாரி நகர்ந்தபோது முற்றத்து வெளிச்சம் நேராகக் கல்லா வரைக்கும் வந்தது.

அபூ காலித் வாசற்படியில் நின்றார். ஸலாம் சொன்னார், சிரிக்கவில்லை. "இது எங்க தாத்தா கடைக்கு வர்ற வழி" என்றார்.

நான் ரகுராமனைப் பார்த்தேன். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே பதிந்த கட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்தார். பூச்சைச் சுரண்டி, இரண்டு சுவரும் சேர்கிற மூலையில் கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு கடைப்பக்கச் சுவரில், அலமாரி இத்தனை காலமும் மறைத்திருந்த இடத்தில், நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரக்கட்டையைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை.

"இதுல என்ன தொங்கவிடுவாங்க?" என்று கேட்டார்.

"தராசு" என்றார் அபூ காலித். "தாத்தா பேரீச்சம்பழம் வித்தார்."

"மேடம், இந்தக் கட்டை, கதவு நிலை, சுவர் எல்லாம் ஒரே சமயத்துல கட்டினது. கல்லோட கல்லு கோத்திருக்கு, பின்னாடி உடைச்சு வெச்சது இல்ல. கடை வீட்டோட சேர்ந்ததுதான். அப்படியே எழுதிடறேன்." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கே காட்டியிருக்கலாமில்ல?" என்றார். அமீர் காக்கா தரையில் உட்கார்ந்து, பொத்தான் பொறுக்குகிற சாக்கில் அழுதார்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அபூ காலித் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "உன் வாப்பாவுக்கு எங்க வாப்பா மேல என்ன கோபம்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். கடையை உங்களுக்கு விட்ட புதிதில், பெரியவர் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு உங்களோடு கொஞ்ச நேரம் உட்காரலாமென்று கதவைத் திறந்திருக்கிறார். எதிரே அலமாரியின் முதுகு. நான் வருவது இவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் தொடவே இல்லை. "உன் வாப்பா நல்ல மனுஷன், ஆனா என்னை வெளியே வெச்சுட்டான்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார்."

அர்பாப் தெருவில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு ஏன் போய்விடுகிறார், நம் டீ பிடிக்கவில்லையோ என்று நீங்கள் உம்மாவிடம் எத்தனை தடவை புலம்பினீர்கள்! இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பலகைதான். ஒருவராவது வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?

நான் சொன்னேன் வாப்பா. நம் ஊர் முடுக்கைப் பற்றிச் சொன்னேன். கோபம் இல்லை, உங்கள் வீட்டுப் பெண்களுக்குக் காட்டிய மரியாதை என்றேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அது சரியாக வந்ததா தெரியவில்லை. "மரியாதையா, வல்லாஹ்? பொம்பளைங்க இருந்தது மாடியில!" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வாப்பாவுக்கு இது தெரியாமலே போச்சே" என்றார்.

அமீர் காக்கா கொண்டுவந்த டீயை ஆறவிடாமல் குடித்துவிட்டு, அபூ காலித் வந்த வழியாகவே போனார்.

நான் இந்தக் கடையில் இருக்கிறவரைக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் எதையும் வைக்க மாட்டேன், இது என் வாக்கு. உங்களுக்குக் கோபம் இல்லை என்று அர்பாபின் மகனிடம் நான் சொல்லிவிட்டேன் வாப்பா. அங்கே அர்பாபைப் பார்த்தால், தயங்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் கல்லாவில் உட்காரும்
உங்கள் ஒரே மகள்,
ஜைனப்