லைசென்சு தம்பியின் பெயரில்

சேசு மரி சூசை

மதுரை
1938 மார்ச்சு, தபசு காலம்

அன்பு மகள் தெரசாவுக்கு அம்மா எழுதுவது. தேவதாயின் கிருபையால் ரங்கூனில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் ஓயாமல் ராத்திரி வேலை போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, மாற்றினார்களா? இங்கே எங்கள் உடம்புக்குக் குறைவில்லை, அப்பாவுக்கு மட்டும் இருமல், ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தால் குடித்தேன் என்று சொல்லிவிட்டு முற்றத்தில் கொட்டிவிடுகிறார். என் மனசுதான் சரியில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி கிறிஸ்துராஜ் அடுக்களைக்குப் பக்கத்து அறையில் ஆகாசத்தில் பேசுகிற பெட்டி ஒன்று செய்து வைத்திருந்தானே, அது இப்போது இல்லை. அதற்கு லைசென்சு வாங்க அவன் பட்ட பாடு உனக்குத் தெரியும், போலீசார் வந்து இவன் காங்கிரசில் இருக்கிறானா என்று தெருவெல்லாம் விசாரித்துப் போன பிறகுதான் கொடுத்தார்கள். கொடுத்தும் ஆயிரம் கட்டுப்பாடு. லைசென்சு உள்ள இன்னொருவரோடுதான் பேசலாம், அதுவும் கருவியைப் பற்றி மட்டும். அவனும் தினம் பொழுது சாயும்போது திருச்சியில் உள்ள நண்பரோடு அப்படித்தான் பேசிவந்தான். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் உக்கிரபாண்டி தன் ரேடியோவில் அதைக் கேட்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார்.

தெப்பத் திருவிழாவன்று சாயங்காலம் எதிர்வீட்டு ஒச்சாயி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். கூட்டத்தில் மகள் ஜெயக்கொடி கை நழுவிப் போய்விட்டாளாம், யாராவது வீட்டில் கொண்டுவந்து விட்டார்களோ என்று பார்க்க வந்திருக்கிறாள். “அக்கா, அவளுக்கு வாய் பேச வராதே, யாரு வீட்டுப் புள்ளைன்னு கேட்டாச் சொல்லத் தெரியாதே” என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். போலீசுக்காரர் கூட்டம் கலையட்டும் என்றாராம். குளம் நிறையத் தண்ணீர், தெரசா. நான் தம்பியிடம் போய்ப் பெட்டியில் சொல்லுடா, உக்கிரபாண்டி கேட்பார் என்றேன். “ஊராருக்குச் சேதி சொல்ல இதுல அனுமதி இல்லம்மா, தெரிஞ்சா லைசென்ஸப் புடுங்கிருவாங்க” என்றான். “புள்ள தண்ணியில விழுந்தா உன் லைசென்சு வந்து தூக்குமா? நீ பேசுறியா, நான் பேசட்டுமா?” என்று கத்தினேன். பேசினான். பச்சைப் பாவாடை, வாய் பேசாத பிள்ளை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உக்கிரபாண்டி கடை ஆட்களை விரட்டித் தேடவைத்துக் கீழைப் படிக்கட்டில் அவளைக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கி வந்தார்.

அதோடு முடிந்திருக்கும். அவர் பெருமை தாங்காமல் ஒரு பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டார், அது அச்சாகிவிட்டது. போன வாரம் மெட்ராசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யார் சொல்லிப் பேசினாய் என்று தம்பியைக் கேட்டார். நான் அவருக்குக் காபி ஆற்றியபடி கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். “யாரும் சொல்லல சார், நானாத்தான் பேசினேன்” என்றான் உன் தம்பி. நான் வெளியே வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடம் சர்க்கார் மானியத்தில் நடக்கிறது, டீச்சர் சட்டத்தை மீறச் சொன்னாள் என்று எழுதிவிட்டால் என் வேலை என்ன ஆகும் என்ற பயம் காலைப் பிடித்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மனசு பொறுக்காமல் அவர் தங்கியிருந்த பங்களாவுக்கே போய், சொல்லச் சொன்னது நான்தான் ஐயா என்றேன். அவர் கெட்டவர் இல்லை. “நானும் பிள்ளை பெற்றவன்தான் அம்மா. ஆனால் லைசென்சு உங்கள் மகன் பெயரில் இருக்கிறது, யார் சொன்னால் என்ன? இதை விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு ஸ்டேஷன் வைப்பார்கள்” என்றார். வழக்குப் போடாமல் விடுகிறேன், லைசென்சு இனிக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா, நிம்மதி. என் வேலைக்கு ஒன்றும் வராது என்ற நிம்மதி. அந்த நிமிஷத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், பிள்ளை பிழைத்ததே அம்மா என்று சாமியார் ஆறுதல் சொன்னார். பிள்ளை பிழைத்ததற்கு நான் வருந்தவில்லையே, அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தேவலை. திருச்சி நண்பர் எத்தனை மாலை கூப்பிட்டுப் பார்த்தாரோ, கார்டு போட்டுக் கேட்டிருக்கிறார். நேற்று ஒச்சாயி, பொட்டியக் காணோமே தம்பி என்று கேட்டாள். “ரிப்பேருக்குப் போயிருக்குக்கா” என்றான், என்னைப் பார்க்காமலே. நானும் ஆமாம் என்றேன்.

காவல் சம்மனசுகள் உனக்குத் துணையிருக்கட்டும், ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். தம்பி உனக்கு எழுதும்போது, அந்த விளையாட்டு அலுத்துப்போய்த் தானாகவே விட்டுவிட்டதாகத்தான் எழுதுவான். நம்பாதே.

உன் அம்மா,
பாக்கியம்