நான் அழித்த பூச்சியங்கள்

அன்புள்ள பிரேமலாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? பிள்ளைகள் நலமா? இங்கே காஹாங்கில் எனக்கு ராஜ வாழ்க்கை. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவு ஓடையில் ஒரு கருவி கிடக்கிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று கால்மணிக்கு ஒருமுறை எண் குறிக்கும். அதைக் கணினியில் இறக்கி அறிக்கையாக்குவது நான்தான். ஜோகூரிலேயே இந்த வித்தை தெரிந்தவர் என்னோடு மூன்று பேர்.

போன வாரம் ஒரு சின்னச் சங்கதி, பயப்படாதே. எண்களுக்கு நடுவே நிறையப் பூச்சியம் வந்தது. கருவி கிறுக்குகிறது என்று அத்தனையும் அழித்து, கருவியையும் துடைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிறகு ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. சோதிக்க வந்த அதிகாரி லோஷினியிடம் என் கைவேலையைப் பெருமையாகச் சொன்னேன்.

"அலமாக்! அங்கிள், பூச்சியம்னா கருவி தண்ணியிலயே இல்லன்னு அர்த்தம். கழிவைத் திறந்துவிடுறப்ப யாரோ அதைத் தூக்கி வெளிய வெச்சிருக்காங்க. இருந்த ஒரே சாட்சியை அழிச்சிட்டீங்களே!"

மானேஜர் குணாளன் சிரித்தார். "இவரு உயர்நிலைப் பள்ளியில ஐந்தாம் படிவம் வரைக்கும் படிச்சவரு லா. தெரிஞ்சுதான் செஞ்சிருப்பாரு."

திறக்கச் சொன்னது அவர்தான் என்று ஆலைக்கே தெரியும். கையெழுத்து மட்டும் என்னுடையது.

கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. சாப்பாட்டு மேசையில் இப்போது யாரும் என் பக்கம் உட்காருவதில்லை. கூடவே, இரும்புப் பெட்டியின் அடியில் என் ஆரம்பப் பள்ளி ஆறாம் ஆண்டுச் சான்றிதழ் இருக்கும். ஐந்தாம் படிவம் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தது பொய், அதற்கு மேல் நான் படிக்கவில்லை என்று விசாரணையில் காட்ட வேண்டும். பிள்ளைகள் கண்ணில் படாமல் எடு.

அவசரத்தில்,
சின்னத்தம்பி