இழுகயிறு இடப்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் என் கணவருக்கு வேட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். கதவைத் தாழிட மறந்துபோனேன். பார்சல்காரன் "சார்…" என்று தள்ளித் திறந்துவிட்டான். பாவம், அவன்தான் அதிகம் பதறினான். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "மூடு" என்றார்.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவரிடம் மிச்சமிருப்பது இப்படிச் சில சொற்கள்தான். எதை மூடச் சொல்கிறார்? கதவையா, துணியையா, என் வாயையா?

படுக்கையறையில் சக்கர நாற்காலி திரும்பாது. அதனால்தான் கட்டில் கூடத்தில், வாசலுக்கு நேரே கிடக்கிறது. வருகிறவர், போகிறவர் எல்லோருக்கும் காட்சிப்பொருள். டாக்சி ஸ்டாண்டில் அவர் நிமிர்ந்து நின்றால் மற்றவர்கள் பேச்சைக் குறைப்பார்கள். அந்த மனுஷன்.

கட்டிலை மறைத்து ஒரு திரை போட வேண்டும்.

மார்ச் 6

வீட்டுச் சொந்தக்காரர் மாடியிலிருந்தே சொல்லிவிட்டார்: "என்ன வேணா மாட்டிக்குங்க. ஓட்டை மட்டும் போடாதீங்க."

மகளிடம் போனில் புலம்பினேன். "ஸ்ப்ரிங் கம்பி வாங்கும்மா. ரெண்டு சுவத்துக்கும் நடுவுல அழுத்தி நிறுத்திட்டா போதும். ஆணியே வேண்டாம்." எல்லாவற்றுக்கும் அவளிடம் சட்டென்று ஒரு பதில் இருக்கிறது. நேரில் வருவதற்கு மட்டும் இல்லை. இப்படி எழுதக் கூடாது. அவளுக்கும் கைக்குழந்தை.

மார்ச் 9, ஞாயிறு

கம்பி மாட்டியாயிற்று. சாம்பல் நிறத் துணி. "இவ்வளவு அகலத்துக்கு நடுவுல தொங்கும்மா" என்று கடைக்காரர் சொன்னார். தொங்கத்தான் செய்கிறது. இருக்கட்டும். எங்கள் வீட்டில் இப்போது எதுதான் நேராக நிற்கிறது?

மார்ச் 11

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பல் ஆஸ்பத்திரியில் என் வேலை மதியத்தோடு முடியும். வந்து கதவைத் திறந்தால் கம்பி கட்டிலின் மேல் கிடக்கிறது. துணி அவர் மேல். முகம்வரை மூடி. அசைவே இல்லை.

ஐயோ… எப்படிப் போனேன், எப்படித் துணியை உருவினேன், தெரியவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். நெற்றியில் கம்பி பட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

அவராகவே திரையை இழுக்கப் பார்த்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில், "நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா? இழுத்துத் தள்ளிக்கிட்டு, செத்துக்கித்துப் போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டம்மா ஓடிவந்துவிட்டாள். காலையில் அவள் ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். திரை தெரிந்ததாம். தூங்குகிறார் என்று போய்விட்டாளாம்.

காயம் பெரிதில்லை. ஆனால் ஒன்று என்னை அரிக்கிறது. இடது கை அவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. துணியை விலக்கியிருக்கலாம். ஏன் விலக்கவில்லை?

கேட்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 12

வேலைக்குப் போகவில்லை. அவர் நெற்றிக் காயத்தைத் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன்.

மார்ச் 15, சனி

மறுபடி அதே கடை. சுவரில் அறையும் தடிக் கம்பியைக் காட்டினார்கள், வளையங்கள் கோத்தது. பார்க்க லட்சணம்தான். ஆனால் வளையத்தை நகர்த்த எம்பி இழுக்க வேண்டும், படுத்திருக்கிறவருக்கு ஆகாது. அடுத்தது கூரையில் திருகும் அலுமினிய டிராக். உள்ளே சின்னச் சின்னச் சக்கரங்கள். பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் திரை தானாக ஓடுகிறது.

ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, நன்றாகச் சாய்ந்துகொண்டு, இடது கையால் இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"உங்களுக்கு இடது கைப் பழக்கமாம்மா?"

"எனக்கில்ல. எங்க வீட்டுக்காரருக்கு."

"ஓ, அவர் இடது கைக்காரரா?"

"இப்பத்தான் பழகுறாரு."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு டிராக்கைக் கட்டினார். சக்கரத்தில் இரண்டு கூடவே போட்டுக் கொடுத்தார்.

திரும்பியதும் நேராக மாடிக்குப் போனேன். "கூரையில ஓட்டை போடணும். முடியாதுன்னா நீங்களே கீழ வந்து அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வாய் வந்ததோ! வீட்டுச் சொந்தக்காரர் இறங்கி வந்தார். கட்டிலைப் பார்த்தார், நெற்றிப் பிளாஸ்திரியைப் பார்த்தார். "போட்டுக்குங்கம்மா" என்று முணுமுணுத்துவிட்டு ஏறிப் போனார்.

மார்ச் 19

டிராக் மாட்டுகிறவர் ஏணிமேல் நின்றபடி, "கயிறு எந்தப் பக்கம் வரணும்?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் இவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் போன பிறகு இவர் திரையை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். சந்தோஷமா என்று கேட்டேன். மறுபடி திறந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

வெளியில் ஹார்ன் சத்தம் கேட்டது. எங்கள் டாக்சியின் ஹார்ன். இப்போது அதை ஓட்டுவது இவருடைய கூட்டாளி. ஸ்டாண்டில் எல்லோரும் "மொட்டை" என்பார்கள். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "வண்டி ஜம்முனு இருக்குண்ணே. உன் கை பழகின வண்டி, என்கிட்ட முரண்டு பண்ணுது" என்று சிரித்தார். இவரும் சிரித்தார், பாதி வாயால். ரொம்ப நேரம் இருந்துவிட்டுப் போனார். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை இவர் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு கயிற்றை இழுத்தார். திரை என் முகத்துக்கு நேரே ஓடி மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து முதலில் இருமல் மாதிரிதான் கேட்டது. இருமல் இல்லை. விழுந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் எந்நேரமும் அவர் கண்ணெதிரேயே அல்லவா நின்றிருக்கிறேன்.

திரையை விலக்கக் கை போயிற்று. துணியைத் தொட்டேன். விட்டுவிட்டேன்.

சமையலறைக்கு வந்து குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி போட்டுக் கழுவினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

வெகுநேரம் கழித்து டிராக்கில் சக்கரங்கள் ஓடும் சத்தம் வந்தது. குழாயை மூடினேன்.