பதினோராம் கேள்வி

4 செவ்வாய்
காலையிலிருந்து தூறல். பர்சரி படிவம் பத்தாம் கேள்வி வரை முடிந்தது. கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போகும் வசதியில்லாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் தரும் உதவிப்பணம்.
11: குடும்பத்தின் சேமிப்பு, வைப்பு விபரம்.
பேனா அங்கேயே நின்றுவிட்டது. அம்மா தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்ததற்கு, வேலை விட்டபோது வந்த சேமலாப நிதி. அப்படியே வங்கியில் நிலையான வைப்பாக. பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போட. ஒரு சதம் தொடவில்லை. அதை எழுதினால் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறையில் இருக்கும் நாங்கள் வசதியானவர்கள்!

5 புதன்
தெமோதரையில் போட்டோகாப்பி. என்னோடு கம்பஸுக்குத் தெரிவான பிரியாவைக் கண்டேன். அப்பாவுக்குப் பண்டாரவளையில் மரக்கறி வியாபாரம். லொறி சித்தப்பா பேரில். மிச்சம் பிடிப்பதெல்லாம் நகை.
"நகைய எவன்டி கேக்குறான்? நீயும் பதினொன்னுல ஒரு கோட்டப் போட்டுட்டு வா."
எரிச்சல். அவள் மேலா, எனக்கும் அந்த ஆசை இருப்பதாலா, தெரியவில்லை.
அம்மாவிடம் சொன்னேன். "பொய் எழுதணுமா?" "பொய் இல்லம்மா, சும்மா விடுறது." "சரி, நீ படிச்ச புள்ள."
கோடு போட்டேன்.
கம்பஸுக்கு வாங்க வேண்டியவை: வாளி, பெட்ஷீட் 2, பூட்டு.

7 வெள்ளி
படிவத்துக்குச் சீல் வாங்கப் பதுளை அரசாங்கக் கந்தோர். இரண்டரை மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பு. பஸ்ஸிலேயே அம்மாவுக்குப் பாடம்: கேட்டதுக்கு மட்டும் பதில்.
படிவம் பார்க்கும் ஐயா யாழ்ப்பாணத்தவர். "சேமிப்பு ஒண்டும் இல்லையோ?"
"இல்லைங்க," என்றேன்.
"அது தெரிஞ்ச விசயம்தானே. தோட்டத்துச் சனம் எங்க சேர்க்கிறது? சம்பளம் எடுத்த அண்டைக்கே குடிச்சு முடிச்சிடுவினம்."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை. படிவத்தில் குத்த சீல் கட்டையை எடுத்தபடியே சொன்னார்.
அம்மா எழுந்தாள். பையிலிருந்து பொலித்தீன் சுற்றிய வைப்புச் சான்றிதழ். மேசையில் வைத்தாள். "நல்லா பாருங்கய்யா. இது நான் சேத்தது. யாரும் குடிக்கல."
சீல் கையிலேயே நின்றது. பிறகு பேனாவை எடுத்து, என் கோட்டை வெட்டித் தொகையை எழுதினார். "பிள்ளை, முதலே எழுதியிருக்கலாமே." என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். முகம் எரிந்தது.
பஸ்ஸில் அம்மா வடை வாங்கி நீட்டினாள். வாங்கவில்லை.

8 சனி
கத்திவிட்டேன். அந்த ஆள் என்ன நினைத்தால் நமக்கென்ன? இதற்காகப் பர்சரிக் காசையா விடுவது?
அம்மா அரிசி களைந்துகொண்டே, "தப்புத்தான் புள்ள. ஆனா என்னால உக்காந்திருக்க முடியல."
சாப்பிடாமல் படுத்தேன். அவளும்தான்.

28 வெள்ளி
பர்சரிப் பட்டியல் வந்தது. பிரியா பேர் இருக்கிறது. என் பேர் இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அழுகைகூட வரவில்லை.
மத்தியானம் அம்மாவோடு வங்கி. வைப்பை முறிக்க. கவுண்டரில் இருந்த பெண் காரணம் கேட்டாள். "மக கம்பஸ் போறாங்க." வரிசை முழுக்கக் கேட்கும்படி அம்மா சொன்னாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
கையெழுத்துப் போட அவள் குனிந்தாள். தாள் அசையாமல் நான் பிடித்துக்கொண்டேன்.