ஸுஹறாவைச் சுற்றி

மச்சானுக்கு ஸலாம். தோஹாவில வெயில் கடுமையாம். உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ.

ஸுஹறாவுக்கு முடி திரும்ப முளைக்குது. அந்த வருத்தத்துக்கு மஹரகம புற்றுநோய் ஆசுபத்திரியில குடுக்கிற மருந்து முடியும்வரைக்கும் அவளுக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி போடக்கூடாதாம். சின்னமுத்துக் காய்ச்சல் வந்தால் தாங்கவும் மாட்டாளாம்.

பக்கத்து ஊரில சின்னமுத்து எண்டு கேட்டவுடன கதவைச் சாத்தினன். ஊசியே வேண்டாமெண்டு நிண்ட பக்கத்து வீட்டுச் சித்தி மரியம், ஊசி போட மருத்துவிச்சி வந்த அண்டைக்குத் தன்ட பிள்ளையள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாய் வந்தா.

"என்ட பிள்ளையளுக்கு வந்தால் ஸுஹறாவுக்கும் வருமே," எண்டு சொல்லி அழுதா. பிறகு எங்கட ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து பிள்ளையளுக்கு ஊசி போட்டதுகள்.

போன மாதம் வெளியூரில இருந்து வந்த ஒரு பிள்ளைக்கு எங்கட ஒழுங்கையிலேயே சின்னமுத்துக் கண்டது. சின்னமுத்து அந்த வீட்டை விட்டு வெளியில வரேல்லை, மச்சான்! தொத்துறதுக்கு அதுக்கு ஒரு பிள்ளை கிடைக்கேல்லை. எங்கட மகளின்ட உடம்பில அந்தத் தடுப்பூசி மருந்து ஒரு சொட்டும் இல்லை. ஊராற்ற பிள்ளையளின்ட கையில ஏறினது இவளைக் காப்பாத்தியிருக்கு. அல்லாஹ்வே, நினைக்க நினைக்க மெய் சிலிர்க்குது.

இண்டைக்குக் கதவைத் திறந்துவிட்டன். பக்கத்து வீட்டுப் பிள்ளையளோட கடற்கரைக்கு ஓடினவள் இன்னும் வரேல்லை. நானும் கூப்பிடேல்லை.

உங்கட மகளின்ட உம்மா